நீலாய்க்குப் போனோம், கார்பெட்டோடு வந்தோம்

வணக்கம் மக்களே. பின்னால் டொக்கு டொக்கு என்று கேட்கும் சத்தத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் கூரை மாற்றுகிறார்கள். ஓயட்டும் என்று மூன்று நாள் காத்திருந்து பார்த்துவிட்டேன். இனி அவர்கள் ஆணி அடிக்கட்டும், நான் பேசுகிறேன்.

என் முதுகுக்குப் பின்னால் சுவரோரம் சுருட்டி நிற்கிறதே, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். விலையை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும். நூற்று நாற்பது மலேசிய வெள்ளி! கடைக்காரர் ஆரம்பித்தது இருநூற்று எண்பதில். சரி, விஷயத்துக்கு வருவோம்.

எங்கள் அக்கா பையனுக்கு எஸ்.பி.எம்., அதாவது ஐந்தாம் படிவத் தேர்வின் முடிவு வந்துவிட்டது. தீபாவளி முறுக்கு வீடியோவில் மாவை மூஞ்சியெல்லாம் அப்பிக்கொண்டு நின்றானே, அவன்தான். ஏழு ஏ. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், ஆனால் ஒரு மணி நேரத்துக்குத்தான். அப்புறம் வழக்கமான கேள்வி வந்துவிட்டது: அடுத்து எங்கே? 2024-ல் பத்து ஏ-வும் அதற்கு மேலும் எடுத்த பிள்ளைகளுக்கு இனம் பார்க்காமல் மெட்ரிகுலேஷனில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசாங்கப் படிப்பில், இடம் என்று அரசாங்கம் அறிவித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நல்லதுதான். ஆனால் ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் நிற்கிற பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத்தான் தெரியும் அந்த வயிற்றெரிச்சல். விண்ணப்பம் போட்டாயிற்று, காத்திருக்கிறோம். அதற்குள் தனியார் பக்கமும் பார்த்து வைப்போம் என்று அக்கா சொன்னாள். அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மாட்டியது யார்? சின்னம்மா.

அப்படித்தான் கோலாலம்பூருக்குத் தெற்கே நீலாயில் இருக்கும் இன்தி பல்கலைக்கழகத்துக்குப் போனோம். இதை எங்கள் அம்மாவிடம் சொன்னபோது நடந்ததைக் கேளுங்கள். "பையன் இன்திக்குப் போகிறான் அம்மா" என்றேன். அம்மா காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, "இந்தி படிச்சு அவன் எங்கே போய் வேலை பார்ப்பான்?" என்று கேட்டார். இது இந்தி இல்லை, மலாய்ச் சொல், 'உள்ளீடு', 'கரு' என்று பொருள், புலூட் இன்தி சாப்பிடுகிறோமே, பசையரிசி மேலே தேங்காயும் வெல்லமும் வைத்து, அந்த இன்தி என்று விளக்கினேன். "பலகாரத்தின் பேரையா பள்ளிக்கூடத்துக்கு வைத்தான்?" என்று கேட்டுவிட்டு மறுபடி நறுக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் கார் ஓட்ட மாட்டேன், அது உங்களுக்குத் தெரியும். அந்தப் பத்துமலை வீடியோவுக்குப் பிறகு என் வீட்டுக்காரர் சாவியைக் கையில் தருவதே இல்லை. அதனால் கிள்ளானிலிருந்து ரயில். நேராக நீலாய்க்குப் போக முடியாது, கே.எல். சென்ட்ரலில் இறங்கிச் சிரம்பான் பக்கம் போகும் ரயிலுக்கு மாற வேண்டும். மாறுகிற இடத்தில் வெளியே வந்தால் நேரே பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூரின் லிட்டில் இந்தியா. பிரிக்பீல்ட்ஸ் என்றால் வடை. வடை என்றால் என் கால் தானாக நடக்கும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாங்கள் பார்க்கப் போகிற இந்தப் பல்கலைக்கழகம் முதன்முதலில் ஆரம்பித்ததே பிரிக்பீல்ட்ஸில்தான், 1986-ல். அப்போது அது ஒரு சின்னத் தனியார் கல்லூரி. நம் பூக்கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவில் எங்கேயோ இருந்திருக்கிறது. எந்தக் கட்டடம் என்று கண்டுபிடித்துப் படம் எடுக்கலாம் என்று எனக்கு ஒரே ஆசை. வடைக்காரரிடம் கேட்டேன். அவர் பூக்கார அம்மாவைக் காட்டினார். அந்த அம்மா எதிரே ஒரு கடையைக் காட்டினார். எதிரே இருந்தவர், "எண்பத்தாறா? அப்போ நான் தைப்பிங்கில் இருந்தேன்" என்று ஆரம்பித்துத் தைப்பிங் மழையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். ரயில் போய்விட்டது. தப்பு முழுக்க என்னுடையது, ரயிலைக் குறை சொல்ல மாட்டேன். பையன் மட்டும் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு இன்னொரு வடை வாங்கிக் கொடுத்தேன். வடை ஒன்று ஒரு வெள்ளி ஐம்பது காசு, மக்களே. நடுவிரலுக்கு மோதிரமாகப் போடலாம், அவ்வளவு பெரிய ஓட்டை. ஓட்டைக்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார்கள்.

அடுத்த ரயில் வரும்வரை அவனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் நம் நாட்டில் தனியார் கல்லூரிகள் தாங்களாகப் பட்டம் கொடுக்க முடியாது. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம் குறைவு, ஒதுக்கீட்டு முறை வேறு. வசதி உள்ளவர்கள் பிள்ளையை இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பினார்கள். நடுத்தரக் குடும்பங்களுக்காக வந்ததுதான் 'இரண்டும் ஒன்றும்' என்று சொல்கிற கூட்டுப் படிப்பு. இரண்டு வருடம் இங்கே, கடைசி வருடம் அங்கே, பட்டமும் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கொடுப்பது. 1996-ல் தனியார் உயர்கல்விக்கென்று ஒரு சட்டம் வந்தது. தனியாரும் பல்கலைக்கழகம் நடத்தலாம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இங்கேயே கிளை போடலாம் என்று கதவு திறந்தது அப்போதுதான். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் 1998-ல் இங்கே வந்தது அந்தக் கதவு வழியாகத்தான்.

என் அண்ணன் இந்தக் கதைக்குள்ளேயே வாழ்ந்தவர். 1996-ல் ஒரு கல்லூரியில் சேர்ந்தார், எது என்று சொல்ல மாட்டேன். கடைசி வருடம் இங்கிலாந்து என்பது ஏற்பாடு. அப்பா துறைமுகத்தில் வேலை, அந்த ஒரு வருடத்துக்கு என்று தனியாகச் சேர்த்து வைத்திருந்தார். 1997-ல் பண நெருக்கடி வந்தது. நாலு வெள்ளிச் சொச்சத்துக்குக் கிடைத்த பவுண்டு ஆறு வெள்ளியைத் தாண்டிவிட்டது. அப்பா சேர்த்த காசு அப்படியே இருந்தது, ஆனால் அது வாங்குகிற இங்கிலாந்து ரொம்பச் சுருங்கிவிட்டது. இரவில் எழுந்து அந்த வங்கிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில்தான் 'மூன்றும் சுழியும்' என்ற ஏற்பாட்டுக்கு அரசாங்கம் அனுமதி கொடுத்தது. மூன்று வருடமும் இங்கேயே படித்து வெளிநாட்டுப் பட்டம் வாங்கலாம், விமானமே ஏற வேண்டாம். அண்ணன் அப்படித்தான் முடித்தார். தனியார் கல்லூரிகள் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு விளம்பரப் பலகைகள் ஒன்றும் காரணம் இல்லை. எங்கள் அப்பா மாதிரி ஆயிரக்கணக்கான அப்பாக்கள் போகாத விமானத்தின் காசுதான் அந்தக் கட்டடங்களாக நிற்கிறது. இது என் கருத்து, சண்டைக்கு வரலாம்.

இன்தி நீலாய்க்கு வந்ததும் அதே தொண்ணூறுகளின் கடைசியில்தான். 2006-ல் பல்கலைக்கழகக் கல்லூரி, 2010-ல் முழுப் பல்கலைக்கழகம். அதே 2010-ல்தான் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தார். ஒரே வருடத்தில் தெருவுக்கு வளைவும், அந்தத் தெருவிலிருந்து கிளம்பிப்போன கல்லூரிக்குப் பல்கலைக்கழகப் பேரும். எனக்கு இந்த மாதிரிப் பொருத்தங்கள் ரொம்பப் பிடிக்கும், பையனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. காதில் எதையோ மாட்டிக்கொண்டான்.

ஒன்று விட்டுவிட்டேன். நடுவில் உரிமை கைமாறியது. 2008-ல் லாரியேட் என்ற அமெரிக்க நிறுவனம் உள்ளே வந்தது. 2020-ல் அது ஹோப் எஜுகேஷன் என்ற சீன நிறுவனத்துக்கு விற்றது, ஹாங்காங் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம். பல்கலைக்கழகத்தை இப்படி வாங்கி விற்கலாம் என்பதே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பல்கலைக்கழகம் என்றால் கோயில் மாதிரி, அது பாட்டுக்கு இருக்கும் என்று நினைக்கிற ஆள் நான். ஆனால் பையன், "பாடம் நல்லா நடத்தினா யார் முதலாளியா இருந்தா என்ன சின்னம்மா?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை.

வளாகம் பெரிது. மரங்கள் நிறைய. உணவகத்தில் சீன மொழி, ஆங்கிலம், மலாய், வேறு என்னென்னவோ காதில் விழுந்தது. இந்தப் பல்கலைக்கழகங்களின் அடுத்த வளர்ச்சி அந்த வெளிநாட்டுப் பிள்ளைகளை நம்பித்தான் இருக்கிறது. 2025-க்குள் இரண்டரை லட்சம் வெளிநாட்டு மாணவர்கள் என்று நம் அரசாங்கமே 2015-ல் இலக்கு வைத்ததே. ஒரு காலத்தில் நம் பிள்ளைகள் வெளியே போகாமல் இருப்பதற்காக வளர்ந்த இடங்கள், இப்போது வெளியே இருக்கிற பிள்ளைகளை இங்கே இழுக்கின்றன.

ஆலோசகராக ஒரு தங்கச்சி வந்தார். பொறுமைசாலி. என்னைச் சமாளித்தாரே, அதற்காகவே சொல்கிறேன். "வேலைக்குத் தயாராக்குகிறோம்" என்று ஆரம்பித்தார். எனக்கு இந்த வார்த்தையைக் கேட்டாலே கொஞ்சம் எரிச்சல் வரும். நாட்டில் எந்தத் தனியார் பல்கலைக்கழகம் வேலைக்குத் தயாராக்க மாட்டேன் என்று சொல்கிறது? சிரித்துக்கொண்டு கையைக் கட்டி நிற்கிற நாலு பிள்ளைகள் படம், கீழே இத்தனை சதவீதம் பேருக்கு வேலை. எந்த வேலை? எவ்வளவு சம்பளம்? பெட்டிக்கடையில் நின்றாலும் வேலைதான். அதனால் மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போனேன். பயிற்சி வேலை பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கிறதா, எத்தனை வாரம்? நிறுவனங்கள் கொடுக்கிற உண்மையான வேலைப் பணிகளைப் பிள்ளைகள் வகுப்பில் செய்கிறார்களா? போன வருடம் இந்தப் பாடத்தில் முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? முதல் இரண்டுக்கும் அந்தத் தங்கச்சி தடுமாறாமல் பதில் சொன்னார். மூன்றாவதற்கு விவரம் அனுப்பி வைக்கிறேன் என்றார். காத்திருக்கிறேன்.

நீங்களும் எங்கே போனாலும் கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் பேரை மட்டும் பார்க்காதீர்கள், படிக்கப்போகிற பாடம் எம்.க்யூ.ஏ. என்கிற மலேசியத் தகுதி முகவையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று ஒவ்வொரு பாடமாகப் பாருங்கள், இணையத்திலேயே தேடலாம். பி.டி.பி.டி.என். என்கிற அரசாங்கக் கல்விக் கடன் வேண்டும் என்றாலும் அந்த அங்கீகாரம் வேண்டும். சட்டம் படிக்கப் போகிற பிள்ளைகள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தனியாரில் சட்டப் பட்டம் வாங்கினால் வழக்கறிஞர் ஆவதற்குப் பெரும்பாலும் சி.எல்.பி. என்கிற சட்டத் தொழில் சான்றிதழ்த் தேர்வும் எழுத வேண்டும். போன வருடம் ஒரு வீடியோவுக்குக் கீழே ஒரு அம்மா இதைக் கேட்டிருந்தார், அப்போது பதில் எழுத மறந்துவிட்டேன். இப்போது சொல்லிவிட்டேன் அம்மா.

கட்டணம் பேசும்போதுதான் பையன் மேசைக்கு அடியில் புகப் பார்த்தான். எஸ்.பி.எம். முடிவை வைத்து உபகாரச் சம்பளமாகக் கட்டணத்தில் கழிப்பார்கள். தங்கச்சி ஒரு தொகை சொன்னார். நான் பழக்கதோஷத்தில், "கடைசி விலை சொல்லும்மா" என்றேன். அவர் சிரித்துவிட்டார். பக்கத்து மேசைச் சீனக் குடும்பத்து அப்பாவும் சிரித்துவிட்டார். பிறகு அவரும் தன் ஆலோசகரிடம் மலாயில் அதையே கேட்டார், என் காதால் கேட்டேன். எங்கள் இருவருக்குமே ஒரு காசு குறையவில்லை.

அந்த ஏமாற்றத்தை எங்கே தீர்த்துக்கொள்வது? நீலாய் மூன்று! திரைச்சீலை, கார்பெட், துணி என்று மொத்த விற்பனைக் கடைகள் வரிசையாக நிற்கும் இடம். காலையில் கிளம்பும்போதே எனக்கு இந்த யோசனை இருந்தது, அக்காவிடம் சொல்லாதீர்கள். ஆறடிக்கு ஒன்பதடி, மெரூன் நிறம், ஓரத்தில் மாங்காய்ப் பூ வேலை. இருநூற்று எண்பது என்றார். நான் நூறு என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்தார். நான் வாசல் வரை போனேன். இருநூறு என்றார். பையனைக் காட்டி, "பல்கலைக்கழகத்தில் சேர்க்க வந்தோம், காசெல்லாம் அங்கே போய்விட்டது" என்றேன், இன்னும் ஒரு வெள்ளிகூடக் கட்டவில்லை என்பது வேறு விஷயம். நூற்று அறுபது. மறுபடி வாசல். நூற்று ஐம்பது. பர்ஸைத் திறந்து உள்ளே காட்டினேன். ஐம்பது வெள்ளித் தாளை முன்கூட்டியே கைத்தொலைபேசி உறைக்குள் மாற்றி வைத்திருந்தேன், பாசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை வீடியோ பார்த்தவர்களுக்கு இந்த வித்தை தெரியும். நூற்று நாற்பது!

கே.எல். சென்ட்ரல் படிக்கட்டில் ஏழு ஏ எடுத்த பிள்ளை தோளில் கார்பெட்டைச் சுமந்துகொண்டு ஏறியதை நான் படம் எடுத்தேன். போடக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டான். பல்கலைக்கழகத்தில் கொடுத்த குடையை ரயிலில் விட்டுவிட்டோம், அது இன்னொரு சோகம். நல்ல குடை.

வீட்டில் விரித்துப் பார்த்தேன். கூடம் எட்டடிதான் நீளம், ஒரு அடி சுவரில் ஏறி நிற்கிறது. அதனால்தான் சுருட்டி வைத்திருக்கிறேன். அம்மா பார்த்துவிட்டு, "இதுதான் இந்திப் பள்ளியில் கொடுத்ததா?" என்று கேட்டார்.

பையன் இன்னும் முடிவு செய்யவில்லை, மெட்ரிகுலேஷன் பதில் வரட்டும் என்கிறான். பிரிக்பீல்ட்ஸில் எண்பத்தாறு, எண்பத்தேழில் அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்று கீழே எழுதுங்கள். அடுத்த தடவை வடை சாப்பிடப் போகும்போது நேராக அங்கே போய் நிற்கிறேன்.