தடையாக நிற்பது பணமா, மனமா? ‘மனமே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பருவநிலை மாற்றத்துக்கு எதிராக நாம் செயல்படத் தடையாக நிற்பது பணமே என்று எதிரணி நண்பர் அடுக்கிய சான்றுகளை நான் மறுக்கப்போவதில்லை. புவி சூடாகும் என்பதை எக்சான் எண்ணெய் நிறுவனத்தின் விஞ்ஞானிகளே 1980களில் கணித்திருந்தும், அந்நிறுவனம் பின்னாளில் ஐயத்தைப் பரப்பியது என்பது உண்மைதான். ஆனால், ‘கடை விரித்தேன், கொள்வாரில்லை’ என்று வருந்தும் நிலை ஐயத்தை விற்றவர்களுக்கு ஏன் வரவில்லை? இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம் என்று யாராவது சொல்லமாட்டார்களா என வாங்குவோர் மனம் ஏற்கெனவே ஏங்கிக்கொண்டிருந்தது.

பணம்தான் தடையென்றால் ஓசோன் விவகாரத்திலும் அது வென்றிருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்டு, ஓசோன் படலத்தை அரித்த குளோரோஃபுளோரோகார்பன்களைக் கட்டுப்படுத்துவதை, அவற்றைத் தயாரித்த டூபாண்ட் போன்ற பெருநிறுவனங்கள் முதலில் எதிர்க்கவே செய்தன. இருந்தும், சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலம் அண்டார்டிகாவின் மேல் மெலிவது 1985இல் வெளிவந்த இரண்டே ஆண்டுகளில், அந்தப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. தலைக்கு மேல் ஓர் ஓட்டை, அதன் வழியே தோல் புற்றுநோய் என்று மனம் படம் வரைந்து அஞ்ச முடிந்தது; அது துணிக் கிழிசல் போன்ற ஓட்டை அல்ல என்பது வேறு செய்தி. மாற்றுப் பொருளில் லாபம் இருந்ததே என்று எதிரணியில் முணுமுணுப்பது கேட்கிறது. இருந்தது, ஆனால் மக்கள் அஞ்சாதிருந்தால் அதற்குச் சந்தை எங்கிருந்து வந்திருக்கும்?

புவியைச் சூடாக்கும் கரியமில வாயுவுக்கு அப்படியொரு படம் இல்லை. ஹவாயின் மவுனா லோவாவில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 315 பங்காக இருந்த அது, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. ஆனால் இந்த ஏற்றம் எந்த ஒரு நாளிலும் திடீரென நிகழாததால், எந்த ஒரு நாளும் நம்மை அச்சுறுத்தவில்லை. பாம்பைக் கண்டு துள்ளும் மனம் எண்ணைக் கண்டு துள்ளுவதில்லை.

சரி, கண்ணால் கண்டால் விழித்துக்கொள்வோமா? சென்னைத் தெருக்களில் 2015 டிசம்பரில் படகு ஓடியது. 2019 கோடையில் குடிநீர் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இவற்றில் பருவநிலையின் பங்கு எவ்வளவு, ஏரிகளை விழுங்கிய நகரத்தின் பங்கு எவ்வளவு என்பதை அறிஞர்கள் அளக்கட்டும். தவித்த நாமே எவ்வளவு விரைவில் மறந்தோம் என்பதே என் வழக்கு. அன்று லாரித் தண்ணீர் பிடிப்பதற்காக வாங்கிய பிளாஸ்டிக் குடங்களில் இன்று என் வீட்டு மாடியில் ரோஜாச் செடிகள் பூக்கின்றன, நடுவர் அவர்களே. அவற்றின் அடியில் துளை போட எந்த எண்ணெய் நிறுவனமும் வரவில்லை, நானேதான் போட்டேன்.