எந்த கேஷ் நம்முடையது?

எல்லோருக்கும் வணக்கம். உங்களில் பலருடைய கைப்பேசிக்கும் அந்தப் பட்டியல் வந்திருக்கும்: ஒன்று, ஒன், கொல், கில், காசு, கேஷ், ஆகவே ஆங்கிலமே தமிழில் பிறந்தது என்று. அனுப்புகிறவர்கள் தமிழ் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அதனால்தான் இதைப் பற்றி உட்கார்ந்து பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

காசையே எடுத்துக்கொள்வோம். கடையில் 'கேஷா, கார்டா' என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ் லத்தீனில் பெட்டி என்று பொருள்படும் 'கப்சா'விலிருந்து இத்தாலிய, பிரெஞ்சு மொழிகள் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் பணப்பெட்டியைச் சொன்னார்கள், அப்புறம் அதே பெயர் உள்ளே இருக்கிற பணத்துக்கு ஆகிவிட்டது.

சரி, அப்படியானால் நம் காசு ஆங்கிலத்துக்குப் போகவே இல்லையா? போனது! போர்த்துக்கீசியர் நம்மிடம் கேட்ட காசைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி 'கைஷா' ஆக்கினார்கள், அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு சின்ன நாணயத்துக்குக் 'கேஷ்' என்று பெயர் வைத்தார்கள், சீனாவில் நடுவில் சதுர ஓட்டை போட்ட நாணயத்தைக்கூட அந்தப் பெயராலேயே அழைத்தார்கள். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்குப்படி 80 காசு சேர்ந்தால் 'பணம்' என்ற ஒரு நாணயம், 42 பணம் சேர்ந்தால் ஒரு வராகன் என்ற தங்க நாணயம். 1808ஆம் ஆண்டுச் செப்பு நாணயத்தைப் பார்த்தால் இருபது கேஷ் என்று ஆங்கில எழுத்திலேயே பொறித்திருக்கும். அது நம்முடைய சொல். பட்டியல் போட்டவர் அடுத்தவர் வீட்டுக் கேஷுக்கு உரிமை கேட்டுவிட்டு நம் வீட்டுக் கேஷைத் தெருவிலே விட்டுவிட்டார், எனக்கு அதுதான் வருத்தம்.

ஒலி ஒத்துப்போவது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இன்னொன்று. ஆஸ்திரேலியாவில், வடக்குக் குயின்ஸ்லாந்துப் பக்கம் ம்பபரம் என்றொரு பழங்குடி மொழி இருந்தது. அதில் நாய்க்கு என்ன பெயர் தெரியுமா? 'டாக்'. ஆங்கிலத்திடம் கடன் வாங்கியதே இல்லை. பக்கத்து மொழியான யிடினில் நாய் 'குடக'. இதே மாதிரியான பழைய சொல்தான் ம்பபரத்தில் தலையும் வாலும் தேய்ந்து இப்படி நின்றது. முழுக்கத் தற்செயல்.

அப்போது உறவை எப்படித்தான் கண்டுபிடிப்பது? ஒரு சொல் ஒத்துப்போனால் போதாது, மாற்றம் ஒரே ஒழுங்கில் சொல்லுக்குச் சொல் திரும்பத் திரும்ப வர வேண்டும். நாம் பால் என்றால் கன்னடத்தில் ஹாலு, பல் என்றால் ஹல்லு, புலி என்றால் ஹுலி. பழைய கன்னடத்தில் இவையும் 'ப'வில்தான் தொடங்கின, பிறகுதான் அந்த மொழி முழுக்க அது 'ஹ'வாக மாறியது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே குடும்பம் என்று சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் என்ற ஆங்கிலேயர் 1816இலேயே எழுதினாரே, அதைப் பின்னால் வந்தவர்கள் உறுதிப்படுத்தியது இப்படிப்பட்ட ஒழுங்குகளை வைத்துத்தான்.

அடுத்த முறை பெங்களூர் பஸ்ஸில் போகும்போது ஓசூர்ப் பெயர்ப்பலகையைக் கொஞ்சம் பாருங்கள். கன்னடத்தில் ஹொச ஊரு, ஹொச என்றால் புது. அந்த 'ஹ'வை எடுத்துவிட்டுப் பழைய 'ப'வை வையுங்கள், பொச ஊரு. நம் ஊர்ப்பக்கம் எத்தனை இருக்கிறது, புதூர்!