பொறுப்பா, பொல்லாத பேச்சா?

நடுவர் அவர்களுக்கும், முதியோர் தினத்துக்காக வேலூரில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம். ஏழு நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள்.

"இறுதிக் காரியத்தை உயிரோடு இருக்கும்போதே பேசி வைப்பது பொறுப்பா, பொல்லாத பேச்சா?" பொறுப்புதான் என்று சொல்ல வந்தேன். எனக்கு முன்னால் பேசிய குடியாத்தத்து அண்ணன், "மூச்சு ஓடும்போதே மூங்கில் வெட்டக் கிளம்பிய கூட்டம் இது" என்று எங்கள் அணியைச் சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் தட்டிய கைதட்டல் கோட்டை அகழி வரைக்கும் கேட்டிருக்கும். எழுதி வந்த குறிப்பை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அண்ணனுக்குப் பதில் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

அண்ணே, நீங்கள் சொன்ன அந்த மூங்கிலை எங்கள் வீட்டில் முதலில் வெட்டியவள் எங்கள் ஆயா.

பள்ளிகொண்டா பக்கம், பாலாற்றை ஒட்டின கிராமம். ஆயாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. வருஷா வருஷம் போகிக்கு முதல் நாள் அதை வாசலுக்கு இழுத்து வந்து வெயிலில் திறந்து வைப்பாள். உள்ளே அரக்குக் கலரில் ஒரு புடவை. நெற்றியில் வைக்க மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய்க் காசு. ரப்பர் பேண்ட் போட்ட கொஞ்சம் பணம். அப்புறம் நாலாய் மடித்த ஒரு நோட்டுத்தாள். அந்தத் தாளில் இருப்பது என் கையெழுத்து. எட்டாவது படிக்கும்போது ஆயா சொல்லச் சொல்ல எழுதினேன்.

"எழுது ராஜா. மேளக்காரங்க கிட்ட பேரம் பேசக் கூடாது. இருட்டறதுக்குள்ள எடுத்துடணும். ஐஸ் பொட்டியில வெக்காதீங்க, எனக்குக் குளுரும்."

குளிருமாம்! சிரிக்கிறீர்கள். எங்கள் அம்மா அன்றைக்கு அழுதாள். "நல்ல நாளும் அதுவுமா இன்னாத்துக்கு அத்தை இந்தப் பேச்சு?" என்றாள். ஆயா சொன்னாள்: "கல்யாணத்துக்குப் பத்திரிகை எழுதறப்ப அழுவியா? இதுவும் நாலு பேரு வர்ற காரியந்தான்."

ஒவ்வொரு போகிக்கும் அந்தத் தாளை நான் சத்தமாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் ஒரு வரி கூடும். ஒரு வருஷம், "வந்தவங்க பசியோட போவக் கூடாது." மறு வருஷம், "ஆட்டுக்குத் தண்ணி காட்ட மறந்துடாதீங்க." அதற்கு அடுத்த வருஷம் சொன்னதுதான் கடைசி வரி. "எங்க அண்ணன் வூட்டுக்கு மொதல்ல ஆள் அனுப்பு."

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். கிணற்றுப் பங்குத் தகராறில் பதினெட்டு வருஷம் முகம் பார்க்காத அண்ணன் அவர். "பொறந்த வூட்டுக் கோடி வராம என்னை எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினாள் ஆயா.

ஆயா போன அன்றைக்கு, ஆம்பூருக்கு ஆள் அனுப்பலாமா வேண்டாமா என்று பங்காளிகள் வாசலில் குரலை உயர்த்தினார்கள். நான் பெட்டியைத் திறந்து தாளைப் படித்தேன். குளிரும் என்ற வரி வந்தபோது எனக்குக் குரல் வரவில்லை, சின்னம்மா வாங்கிப் படித்தாள். அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. மத்தியானம் அந்தப் பெரியவர் மஞ்சப் பையோடு வந்தார். வாசல்படியில் நின்றார், உள்ளே கால் வைக்கவில்லை. அம்மா போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். புடவையைப் பிரித்துத் தங்கச்சி மேல் போர்த்திவிட்டு, "நீ கூப்ட்டா வராம இருப்பனா" என்றார். அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டோம்.

குடியாத்தத்து அண்ணே, மூங்கிலை அன்றைக்குக் காலையில்தான் வெட்டினோம். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் பேச்சு மட்டும்தான். அந்தப் பேச்சு இல்லையென்றால், அண்ணன் முகம் பார்க்காமல் ஆயா போயிருப்பாள். இதுவா பொல்லாத பேச்சு?

பேசி வைக்காத சாவும் எங்கள் வீட்டில்தான் நடந்தது. அந்த ஆயாவின் பிள்ளை, எங்கள் நைனா. இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். ஒரு ராத்திரி, நெஞ்சு வலி என்று சொன்னவர் அடுத்த அரை மணி நேரத்தில் இல்லை. புதைப்பதா எரிப்பதா என்று விடிய விடியப் பேச்சு. பெங்களூர் அத்தை வரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். கண்ணாடி மேல் படிந்த ஈரத்தை அம்மா முந்தானையால் துடைத்துத் துடைத்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பாலாற்றங்கரையில் எரித்தோம். அவர் மனசில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்தேன். இறப்பை 21 நாளைக்குள் பதிய வேண்டும், அதற்கு ஆதார் அட்டையைக் கேட்டார்கள். ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து நைனாவின் பர்ஸை எடுத்தேன். ஆதாருக்குப் பின்னால் இன்னொரு அட்டை, ஓரமெல்லாம் தேய்ந்து போய். கண்தானம் செய்கிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். எப்போது போட்டார் என்று அம்மாவுக்கே தெரியவில்லை.

பெரியவர்களே, உயிர் போன 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். அட்டை இருந்தால் மட்டும் போதாது, வீட்டில் இருப்பவர்கள் கண் வங்கியைக் கூப்பிட்டுச் சம்மதம் சொல்ல வேண்டும். அதுவரை இமையை மூடி ஈரப் பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்த வேண்டும். ஒரு போன் போதும். அந்த ராத்திரி நைனாவின் இமைகளை என் விரலால்தான் மூடினேன். தலைமாட்டில் ஃபேனைப் போட்டவனும் நான்தான். எனக்குத் தெரியாது ஐயா. அவர் சொல்லவே இல்லை.

அந்த அட்டை இதோ, என் சட்டைப் பையில் இருக்கிறது. போன வாரம் என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, இதையும் என்னுடைய அட்டையையும் காட்டினேன். "இப்ப எதுக்குப்பா இதெல்லாம்?" என்று அழுதாள். அழட்டும் என்று விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து என் அட்டையைத் திருப்பி, பின்னால் இருந்த நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்துக்கொண்டாள்.