எலியாவுக்கு முதல்ல குடுத்தது அடை

(காட்சி: வேலூர் கோட்டை அகழி, காலை நேரம்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்ங்க. போன வாரம் யூத் மீட்டிங்ல ஒரு தம்பி கேட்டான், "அண்ணா, கனடால டாக்டரே ஊசி போட்டு சாக விடுறாங்களாமே, வலியில துடிக்கிறதுக்கு அது பரவால்ல இல்ல?"ன்னு. நியாயமான கேள்விதான், சும்மா பாவம்னு சொல்லி வாய அடைச்சிட முடியாது.

கனடால 2016-ல இருந்து இது சட்டம், 2021-ல சாவு கிட்டத்துல இல்லாதவங்களும் கேக்கலாம்னு மாத்திட்டாங்க. அமெரிக்கால ஆரிகன்ல 1997-ல இருந்தே இருக்கு, அங்க டாக்டர் மருந்து எழுதித் தருவாரு, நோயாளியே சாப்பிடணும். ஏன் கேட்டீங்கன்னு வருஷா வருஷம் ரிப்போர்ட் போடுறாங்க, அதுல வலி முதல் இடத்துல இல்லங்க. என் இஷ்டப்படி வாழ முடியல, மரியாதை போச்சு, இதெல்லாம்தான் முன்னாடி நிக்குது, வீட்டுக்கு பாரமா இருக்கேன்னும் நெறைய பேர் சொல்றாங்க.

இந்த பாரம்ங்கிற வார்த்தைய நம்ம வீட்லயே கேட்ருப்போம், "எனக்கு எதுக்குப்பா இவ்ளோ செலவு"ன்னு கட்டில்ல இருந்து ஒரு குரல் வரும். (தெக்க தலைக்கூத்தல்னு ஒன்னு நடந்துச்சே, படுக்கையில கெடக்குற பெரியவங்கள வீட்டு ஆளுங்களே சாகடிக்கிற வழக்கம், அங்க பல பெரியவங்கள ஒரு வார்த்த கேக்கக்கூட இல்ல.)

(காட்சி: சூரைச்செடி, ஓவியம்)

பைபிள்ல எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்கு கீழ உக்காந்து, போதும் கர்த்தாவே, என் உயிர எடுத்துக்கோன்னு கேட்டாரு. தூதன் வந்து பிரசங்கமா பண்ணான்? தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் தலைமாட்டுல வெச்சான், சாப்ட்டு திரும்ப படுத்துட்டாரு, திட்டல, ரெண்டாவது தடவையும் எழுப்பி சாப்பாடுதான் குடுத்தான்.

(காட்சி: பாகாயம் ரோடு)

நம்ம ஊர்லயே டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தாங்க. 1954-ல கார் ஆக்சிடென்ட், இடுப்புக்கு கீழ செத்துப்போச்சு, ஆனா வீல்சேர்ல உக்காந்தே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணாங்க. அப்புறம் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரில மறுவாழ்வுத் துறைய நடத்துனாங்க, 1966-ல பாகாயத்துல அதுக்குன்னே ஒரு சென்டர் வந்துச்சு. இவங்கள காட்டி "பாரு, நீயும் தைரியமா இரு"ன்னு நோயாளிகிட்ட சொல்றது எனக்கு பிடிக்காது, அது இன்னொரு பாரம். அவங்கள சுத்தி இருந்தவங்க வேலை குடுத்தாங்க, கூட நின்னாங்க, நாம பாக்க வேண்டியது அந்தப் பக்கம்.

ஒன்னு குழப்பிக்காதீங்க. பிழைக்க வழியே இல்லாதப்போ வென்டிலேட்டர் வேணாம்னு முன்கூட்டியே எழுதி வெக்கலாம்னு 2018-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அது தற்கொலை இல்ல. சாக மருந்து குடுக்குறது நம்ம நாட்டுல இன்னும் குத்தம்தான்.

அப்போ சபை என்ன பண்ணும்? சண்டே மதியம் நாலு பேரா போய் ஜெபம் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வர்றது பத்தாதுங்க, அந்த டீயையும் மருமகதானே போடணும். படுக்கப்புண் வராம ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வெக்கணும், அத ஒரு ராத்திரி நீங்க செஞ்சா அந்தப் பொண்ணு தூங்கும். வலின்னா பாலியேட்டிவ் கேர், அதாவது வலியையும் கஷ்டத்தையும் கொறைக்கிற வைத்தியம், அந்த டாக்டர்ட்ட கூட்டிட்டு போங்க. சாகணும் போல இருக்குன்னு யாராவது சொன்னா வசனத்த தேடாதீங்க, பக்கத்துல உக்காந்து என்னாச்சுன்னு கேளுங்க, தனியா விடாதீங்க, அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416-க்கு போன் போட்டா தமிழ்லயே பேசுவாங்க.

போகும்போது சாப்பாட்டு கேரியர் எடுத்துட்டு போங்க, நோயாளிக்கு மட்டும் இல்ல, வீட்டுல இருக்குற எல்லாருக்கும்.