பாதிக் குரங்கு, முழு ஏமாற்றம்

[திரையில்: கூண்டுக்குள் ஒரு கொரில்லா. பக்கத்தில் முகமெல்லாம் முடியோடு ஒரு மனிதர்.]

இவர் பெலா லுகோசி. 1931-இல் டிராகுலாவாக வந்து ஊரையே மிரட்டியவர். 1943-இல் வந்த 'தி ஏப் மேன்' படத்தில், பாவம், கொரில்லாவோடு கூண்டில் கிடக்கிறார்.

தன்மேலேயே சோதனை செய்து பாதிக் குரங்காகிவிட்ட விஞ்ஞானி அவர். பழையபடி மாற, இன்னொரு மனிதனின் முதுகுத்தண்டு நீர் வேண்டும். கொடுப்பவர் பிழைக்க மாட்டார். நண்பரான டாக்டர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறமென்ன, கொரில்லாவையும் கூட்டிக்கொண்டு ஆள் வேட்டைக்குக் கிளம்புகிறார்.

நல்ல கதைதான். கெட்டது எங்கே?

[திரையில்: லுகோசியின் முகம், கிட்டத்தில்.]

மேக்கப்பைப் பாருங்கள். ஒரு காட்டுத் தாடி, அவ்வளவுதான். மிச்சக் குரங்கை அவரே கூன் போட்டு, கையை ஆட்டி நடந்து வரவழைக்க வேண்டும். கொரில்லாவும் உடைக்குள் புகுந்த ஓர் ஆள்தான்.

தயாரிப்பு, மோனோகிராம். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டிய காலத்தில், மலிவுப் படங்களை மளமளவென்று எடுத்துத் தள்ளிய கம்பெனி. இயக்குநர் வில்லியம் போடினுக்கு 'ஒன் ஷாட்' என்றே பட்டப்பெயர்; ஒரே டேக்கில் காட்சியை முடித்துவிடுவாராம். ஆனாலும் மௌனப்பட நாட்களில் பெரிய நட்சத்திரமான மேரி பிக்ஃபோர்டை வைத்துப் படம் எடுத்தவர், தொழில் தெரியாதவர் இல்லை.

சரி, காசில்லாததுதான் குறையா? 1942-இல் வந்த 'கேட் பீப்பிள்' படமும் சின்ன பட்ஜெட்தான். அதில் ஒரு நீச்சல்குளம். சுவரில் தண்ணீரின் நிழல் ஆடுகிறது, எங்கிருந்தோ ஓர் உறுமல். அந்தக் காட்சியில் மிருகம் கண்ணில் படுவதே இல்லை, நமக்கு வேர்த்துவிடுகிறது. 'தி ஏப் மேன்' எல்லாவற்றையும் பளிச்சென்று விளக்கு போட்டுக் காட்டிவிடுகிறது.

இத்தனைக்கும் நடுவே லுகோசி மட்டும் விளையாடவில்லை. தன் உடம்பே தனக்குச் சிறையானவனின் ஆத்திரத்தை அந்தத் தாடிக்குப் பின்னாலிருந்து நிஜமாகவே நடிக்கிறார். எனக்கு இந்தப் படத்தின் மேல் கோபம் வருவதே அதனால்தான்.

[திரையில்: ஜன்னலில் எட்டிப் பார்க்கும் ஓர் ஆள்.]

ஏனென்றால் இவனைப் பாருங்கள். படம் முழுக்க எங்காவது நின்று எட்டிப் பார்க்கிறான். கடைசியில் 'நீ யாரப்பா?' என்று கேட்டால், இந்தக் கதையை எழுதியதே நான்தான், கிறுக்கு யோசனை இல்லையா என்கிறான். சொல்லிவிட்டு கார் கண்ணாடியை ஏற்றுகிறான். கண்ணாடியில் எழுதியிருப்பது: 'முற்றும்'.