மனத்தைத் தொட்ட புத்தகத்தை மேடையில் பேசுவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம்.

வாசகர் வட்டக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "இந்தப் புத்தகம் என்னை உலுக்கிவிட்டது." உலுக்கியது உண்மையாகவே இருக்கும். ஆனால், கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அதனால் என்ன கிடைத்தது? எந்த இடத்தில் உலுக்கியது, அந்த இடத்தை எழுத்தாளர் எப்படிக் கட்டியிருக்கிறார் என்று சொன்னால்தான் அவருக்கும் படித்துப் பார்க்கலாம் என்று தோன்றும்.

பழந்தமிழ் நூல்களைச் சுவடிகளிலிருந்து பதிப்பித்த உ.வே. சாமிநாதையரின் தன்வரலாறான 'என் சரித்திரம்' ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சொல்கிறேன். 1940இல் ஆனந்த விகடனில் தொடராகத் தொடங்கியது, 1942 ஏப்ரலில் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றது, 1950இல் புத்தகமாயிற்று. மொத்தம் 122 அத்தியாயங்கள். இதைப் பத்து நிமிஷத்தில் பேச வருகிறவர் உத்தமதானபுரத்தில் பிறந்தார் என்று ஆரம்பித்தால், மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போவதற்குள் தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிடுவார்.

ஆகவே கதையை விடுங்கள். ஒரே ஒரு இடத்தை எடுங்கள்.

பெரும்பாலானோர் எடுப்பது ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மரணத்தை. 1876 பிப்ரவரி 1. மாணவருக்கு இன்னும் இருபத்தொரு வயது நிறையவில்லை. ஆசிரியரின் கடைசி நேரத்தில் அருகிலிருந்து திருவாசகம் வாசிக்கிறார். கண் கலங்காமல் படிக்க முடியாத பகுதிதான். ஆனால் மேடைக்கு இது ஆபத்து: வாசிக்கும்போது தொண்டை அடைத்தால், சபை உங்களைப் பார்க்குமே தவிரப் புத்தகத்தைப் பார்க்காது. இந்தப் பகுதியை வாசிக்க வேண்டாம். உங்கள் வார்த்தையில் சுருக்கமாகச் சொன்னால் போதும்.

என் கணக்கில் இதைவிட ஆழமான இடம் 'என்ன பிரயோசனம்?' என்ற அத்தியாயம். 1880. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். ஊருக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்திருக்கும் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்கிறார் முதலியார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று இவர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியாரின் முகத்தில் சலனமே இல்லை. பிற்கால நூல்கள் சரி, பழைய நூல்கள் என்ன படித்திருக்கிறீர்கள் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது. சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியின் பெயர் அங்கேதான் வருகிறது. சாமிநாதையர் அதைப் படித்ததில்லை.

இந்த இடம் ஏன் தைக்கிறது? பட்டியல்தான் சூத்திரம். ஒவ்வொரு பெயருக்கும் நாமும் சாமிநாதையரோடு சேர்ந்து நிமிர்கிறோம். அதனால் விழும்போதும் சேர்ந்தே விழுகிறோம். இன்னொன்று, இதை எழுதும்போது அவருக்கு எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. மகாமகோபாத்தியாயர் பட்டம் உட்பட எல்லாப் பெருமையும் வந்தாகிவிட்டது. அறுபது ஆண்டுக்கு முந்தைய இந்தத் தலைகுனிவை விட்டுவிட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் விடவில்லை. மேடையில் பேச வேண்டியது இதைத்தான். உங்கள் நேரத்தில் பாதி இதற்கே போகட்டும்.

இனித் தயாரிப்பு. சொந்தப் புத்தகமானால் பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு, நூலகப் புத்தகமானால் காகிதச் சீட்டு. அன்றைக்கே நோட்டில் மூன்று வரி எழுதிவிடுங்கள்: அத்தியாயத் தலைப்பு, அங்கே நடப்பது, நீங்கள் நின்றுபோன வாக்கியம். நாள் கடந்தால் உணர்ச்சி நினைவிருக்கும், வாக்கியம் போய்விடும். பக்க எண்ணை நம்ப வேண்டாம். பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

மேற்கோளை மனப்பாடமாகச் சொல்லாதீர்கள். முதலியாரின் கேள்வி மேடைக்கு மேடை வேறு வேறு வாக்கியமாகப் புழங்குகிறது. புத்தகத்தைக் கையில் வைத்து அரைப்பக்கம், அதாவது நூற்றைம்பது சொல் அளவுக்கு, வாசியுங்கள். ஒன்றரை நிமிஷம் ஆகும். பழைய உரைநடையில் சொற்புணர்ச்சி நெருக்கமாக இருக்கும், மூச்சு எங்கே விடுவது என்று தடுமாறுவீர்கள். வீட்டில் இரண்டு முறை சத்தமாகப் படித்து, நிறுத்தும் இடங்களில் பென்சிலால் சாய்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

"எனக்கும் இப்படி ஒரு வாத்தியார் இருந்தார்" என்ற திருப்பம் வரும். ஒரு வாக்கியத்தோடு நிறுத்துங்கள். நீண்டால் கூட்டம் உங்கள் வாத்தியாரோடு வீட்டுக்குப் போய்விடும்.

அலுத்த இடத்தையும் சொல்லுங்கள். இந்தப் புத்தகத்தில் உபகாரம் செய்தவர்களின் பெயர்களும் பிரபந்தப் பெயர்களும் பக்கம் பக்கமாக வரும். புதிதாகப் படிப்பவர் அங்கே வேகமாகப் போகலாம். இதைச் சொல்லாமல் எல்லாமே அற்புதம் என்று சொல்லி அனுப்பினால், பத்தாவது அத்தியாயத்தில் அவர் புத்தகத்தை மூடிவிடுவார், அடுத்த முறை உங்கள் சிபாரிசையும் கேட்க மாட்டார்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்பார்கள். 'என்ன பிரயோசனம்?' அத்தியாயத்தில் தொடங்கி, 1887இல் அவர் பதிப்பித்த சிந்தாமணி அச்சாகி வரும் வரை ஒரே ஓட்டமாகப் படிக்கச் சொல்லுங்கள். சமண நண்பர்களிடம் அவர் சந்தேகம் கேட்டுத் தெளிவது, ஓலை ஏட்டுக்கு ஏடு மூலத்தின் வாசகம் மாறுவது எல்லாம் அங்கே இருக்கிறது. அப்புறம் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிக்கொள்ளலாம்.