இஸ்கூலும் இராமனும்

(நீடாமங்கலம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, பெரியவர்களே, ஆசிரியப் பெருமக்களே, இந்த மைக்கைவிட உயரம் குறைந்த என் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

உள்ளே வரும்போது வாசலில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பேரன் அஞ்சாவது படிக்கிறான் சார். இங்கிலீஷ் ஒரு வார்த்தை வாயில வர மாட்டேங்குது" என்றார். அப்புறம் பேச்சு அறுவடைப் பக்கம் போனது. மாய்ச்சர், அதாவது ஈரப்பதம், 17 சதவீதத்துக்குள் வரட்டும் என்று நெல்லை இரண்டு நாள் காயப்போட்டாராம். டி.பி.சி.க்கு, அதாவது நெல் கொள்முதல் நிலையத்துக்கு, கொண்டுபோக லோடு ஏற்றலாமென்றால் டிராக்டர் கிடைக்கவில்லையாம். நான் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே நின்றேன். ஒரே மூச்சில் நாலு இங்கிலீஷ் வார்த்தை, நாலும் சரியான இடத்தில்! தாத்தாவுக்கு வருவது பேரனுக்கு ஏன் வரவில்லை? தாத்தாவை யாரும் பரீட்சை வைத்துச் சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் படித்த பள்ளியில் இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் பேசினால் 5 பைசா அபராதம். பலன் என்ன தெரியுமா? ஒரு பையனும் இங்கிலீஷ் பேசவில்லை. வாயையே திறக்கவில்லை. பைசா மிச்சம்.

பிள்ளை 'இஸ்கூல்' என்கிறான். உடனே வகுப்பே சிரிக்கிறது. அய்யா, அது மந்தபுத்தி இல்லை, இலக்கணம்! தமிழில் சொல் தனி மெய்யெழுத்தில் தொடங்காது. ர, ல வரிசையும் முதலில் வராது. அதனால்தான் ராமனை இராமன் என்றும், லோஹத்தை உலோகம் என்றும் எழுதினோம். ராமனுக்கு முன்னால் 'இ' போட்ட அதே வாய்தான் ஸ்கூலுக்கு முன்னாலும் போடுகிறது. இதை அவனிடம் சொல்லிவிட்டு, பாம்பு மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்று இழுக்கச் சொல்லுங்கள். இழுத்த இழுப்பிலேயே 'கூல்' என்று முடிக்கட்டும். 'இ' தானாக உதிர்ந்துவிடும்.

இன்னொரு சிக்கல். தமிழில் 'க' என்ற எழுத்தின் பெயரும் 'க', ஓசையும் 'க'. அந்தப் பழக்கத்தோடு வருகிற பிள்ளையிடம் 'சி, ஏ, டி' என்று கூட்டிக் காட்டி 'கேட்', அதாவது பூனை, என்கிறோம். அது திருதிருவென்று முழிக்காமல் என்ன செய்யும்? 'டபிள்யூ' என்று சொல்லிப் பாருங்கள், 'வாட்டர்' தொடங்கும் ஓசை அதில் எங்காவது இருக்கிறதா? எழுத்தின் பெயர் பிறகு வரட்டும், முதலில் ஓசையைக் காதில் போடுங்கள். 'பிக்' என்றால் பன்றியா, பெரியதா என்ற குழப்பமும் இப்படித்தான். 'அப்பா'வில் வரும் ப ஒன்று, 'அம்பு'வில் வரும் ப வேறு. இரண்டு ஓசையும் பிள்ளை வாயில் ஏற்கெனவே இருக்கின்றன, நம் எழுத்துதான் ஒன்று. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் சின்ன வகுப்புகளுக்குத் தமிழ், கணக்கோடு இங்கிலீஷும் இருக்கிறது. நல்லது. ஆனால் பள்ளிக்கூடம் விட்ட பிறகு வீடு இருக்கிறதே.

எனக்குத் தெரிந்த வீட்டில் ஒரு பூச்சிமருந்து டப்பா காலியானது. அப்பாயி அதைக் கழுவி விதை போட்டு வைக்க எடுத்துவிட்டது. ஐந்தாவது படிக்கிற பேத்தி வாங்கித் திருப்பிப் பார்த்தாள். லேபிளில் ஒரு சாய்சதுரம். கீழ்ப்பாதி சிவப்பு, மேலே மண்டையோடு, பக்கத்தில் ஒரு சொல். விரல் வைத்து, "பா... பாய்... பாய்சன்" என்று கூட்டினாள். "அப்பாயி, வெசம்னு போட்டிருக்கு, கீழ வை" என்றாள். அந்தக் கீழ்ப்பாதி மஞ்சளாக இருந்தாலும் அதே சொல்தான். நீலத்தில் 'டேஞ்சர்', பச்சையில் 'காஷன்'. மூன்றே சொல். இதைவிட அவசரமான இங்கிலீஷ் பாடம் நம் ஊர்ப் பிள்ளைக்கு எது? மாத்திரை அட்டையில் 'எக்ஸ்பைரி' எங்கே இருக்கிறது, டானிக் பாட்டிலை ஏன் குலுக்கச் சொல்கிறது, யூரியா மூட்டையில் 46 என்று ஏன் போட்டிருக்கிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டாலும் கேளுங்கள். அப்பாவுக்குத் தெரியாததைத் தான் படித்துச் சொன்னோம் என்கிற கர்வம் ஒரு பிள்ளையை எவ்வளவு தூரம் இழுத்துப்போகும் என்று பார்த்திருக்கிறேன்.

இதோ பக்கத்து வலங்கைமானில் 1869-இல் ஓர் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்தவர் சீனிவாச சாஸ்திரியார். பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் இங்கிலீஷைக் கேட்டு வெள்ளைக்காரர்களே 'வெள்ளி நாக்கு' என்றார்கள். எல்லோரும் அவர் ஆக வேண்டாம். நம் பிள்ளை பேங்கில் ஒரு செல்லானைக் கூச்சப்படாமல் நிரப்பட்டும், போதும்.

சரி, பேச்சை நிறுத்துகிறேன். மேடை ஓரத்தில் மூன்று பேர் கழுத்தில் அட்டையோடு காத்திருக்கிறார்கள். ஒருவன் மாடு, ஒருத்தி வைக்கோல், இன்னொருவன் 'தின்னும்'. தமிழ் என்று டீச்சர் சொன்னால் 'தின்னும்' கடைசியில் நிற்பான், இங்கிலீஷ் என்றால் ஓடிவந்து நடுவில் நுழைவான். காலையில் ஒத்திகையில் மாட்டை இடித்துத் தள்ளிவிட்டானாம். மைக்கைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், தம்பி.